கமலாம்பாள் பக்கத்தில் பதினான்கு டிக்

பதிவுத் தபால் வந்த நேரத்தில் மதிவதனியின் இரண்டு கையிலும் ஒரு தோள்பட்டை இருந்தது. குறுவை அறுவடைக்கு இராப்பகலாக மெஷின் ஓட்டி இறுகிப்போன தோள். பாதியில் விட்டால் அந்த ஆள் கத்துவான். தபால்காரரோ வாசலில் நின்றுகொண்டு, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா, இன்னும் நாலு தெரு கெடக்கு" என்று பறந்தார். ஜெல் ஒட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். உறையின் மூலையில் மயிலாடுதுறை வக்கீல் ஒருவரின் முத்திரை இருந்தது. அதைப் பார்த்த பிறகு தோள்பட்டைக்காரனை எப்படி முடித்து அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

குத்தாலம் கடைத்தெருவில் ஒன்பது வருடமாகப் பிசியோதெரபி மையம் நடத்துகிறாள் மதிவதனி. ஒரு அறை, இரண்டு கட்டில், சுவரில் ஒரு கப்பி, ஒரு கரண்ட் மெஷின். பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கையனின் மகள். அவள் தெருவில் முதலில் காலேஜ் படி மிதித்தவள். "கை காலைப் பிடிச்சுவிடறதுக்கு நாலரை வருசப் படிப்பா?" என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலில்தான் குப்புறப் படுக்கிறார்கள். நாற்று நடுகிற ஊரில் இடுப்புக்குப் பஞ்சமே வராது.

நோட்டீஸை நின்றுகொண்டே படித்தாள். அனுப்பச் சொன்னவர் அரசப்பன். வடகரைத்தோப்பில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், நிலம் பயிர் செய்கிறவர். அவருடைய தாயார் கமலாம்பாள், வயது அறுபத்தெட்டு, ஆடி மாதம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்து, முறிந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். அதன்பிறகு வீட்டுக்கே போய் நடக்கப் பழக்கியது மதிவதனிதான். பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் அந்தப் பந்து குழியை விட்டு நழுவிவிட்டது. மறுபடி மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இப்போது அம்மாள் படுத்த படுக்கை.

நோட்டீஸ் இரண்டு குற்றம் சொன்னது. ஒன்று, கடைசி நாள் அவள் காலை முரட்டுத்தனமாக முறுக்கினாள். இரண்டு, அறுவைக்குப் பிறகு எதைச் செய்யக் கூடாது என்று நோயாளிக்கு அவள் சொல்லவே இல்லை. பதினைந்து நாளுக்குள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலோடு பதில் தராவிட்டால் நுகர்வோர் மன்றம். பதிவுச் சான்றை ரத்து செய்யக் கோரி மேலே புகார்.

முதல் குற்றத்தைப் படித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. முறுக்குவதா? அவள் கை அறியும், அவள் முறுக்கவில்லை. இரண்டாவதைப் படித்ததும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சொன்னேனா?

அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்துக் கமலாம்பாளின் பக்கத்தைத் திறந்தாள். மேலே முதல் நாள் பரிசோதனை அழகாக எழுதியிருந்தது. தசை வலு எவ்வளவு, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, வாக்கரில் எத்தனை அடி, எல்லாம் காலேஜில் மார்க் வாங்கிய கையெழுத்தில். அதற்குக் கீழே தேதி, டிக். தேதி, டிக், 'அதே பயிற்சி'. இப்படியே பதினான்கு டிக். என்ன பயிற்சி, என்ன சொன்னாள், வலி கூடியதா குறைந்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒரு எழுத்து இல்லை. நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். அத்தனை பக்கமும் அதே லட்சணம்.

எழுதாமல் விட்டால் செய்யவில்லை என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று கடைசி வருடத்தில் ஒரு பேராசிரியர் தொண்டை கிழியச் சொன்னார். சம்மதக் கையெழுத்து வாங்காமல் நோயாளியைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். மதிவதனி கேட்காமல் இல்லை. மையம் திறந்த புதிதில் சம்மதப் படிவம் ஐந்நூறு அச்சடித்தாள். முதல் படிவத்தைப் பொன்னுத்தாயிடம் நீட்டினாள். நடவுக்குப் போகிற பெண், இடுப்பை நிமிர்த்த முடியாமல் வந்தவள். தாளைப் பார்த்ததும் அந்த இடுப்போடு எழுந்து நின்றுவிட்டாள். "கைநாட்டா? வலி தானா போவட்டும்மா, நான் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வேறு ஊரில் படித்து வந்தவளாக இருந்தால் உட்கார வைத்து விளக்கியிருப்பாள். மதிவதனியால் முடியவில்லை. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் பண்ணையில் வெற்றுத் தாளில் பெருவிரல் வைத்துவிட்டு, குடியிருந்த மனையை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர். தாளை நீட்டுகிறவன் பக்கத்தில் நின்று அவளுக்குப் பழக்கமில்லை. பொன்னுத்தாயின் கண்ணில் தெரிந்தது தங்கையனின் பயம். அதை உண்டாக்கியது தன் கை என்று கூசிப்போனாள். அன்றோடு படிவம் போயிற்று. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் உடற்பயிற்சிப் படம் வரைந்து கொடுக்க உதவியது. ஐந்நூறும் அப்படியே தீர்ந்தது. தாள் இல்லாமல், வாய்ச்சொல்லாலேயே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள். மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. முழங்கால் வலிக்காரருக்குக் கரண்ட் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலிலிருந்து நோட்டுக்குப் போனாள். நேரம் முடிந்து மெஷின் கூப்பிட்டும் காதில் விழவில்லை. அரசப்பன் வீட்டை மனதுக்குள் அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்தாள். நீலக் கட்டில், ஜன்னலில் மருந்துச் சீட்டு, மூலையில் யூரியா மூட்டை, கமலாம்பாளின் காலில் வெள்ளிக் காப்பு. எல்லாம் வந்தது. தரையில் உட்காராதீங்க என்று தான் சொன்ன குரல் மட்டும் வரவில்லை. அல்லது வந்தது. ஆனால் அது கமலாம்பாளுக்குச் சொன்னதா, போன மாதம் ஆசியா பீவிக்குச் சொன்னதா, அதற்கு முந்தைய வருடத்து வாத்தியாருக்குச் சொன்னதா? ஒரே வாக்கியத்தை நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய்க்கு ஆள் அடையாளம் ஏது?

மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளைப் பார்த்து, அவள் கணவன் நெடுஞ்செழியனுக்குப் பொறுக்கவில்லை. பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறவன். எந்த ரிப்பேரும் அரை மணிக்கு மேல் ஆகக் கூடாது என்பது அவன் கொள்கை.

"எல்லாருக்கும் சொல்றதை அந்தம்மாவுக்கும் சொல்லியிருப்பே. இதுல என்ன சந்தேகம்?"

"சொல்லியிருப்பேன். சொன்னேனான்னு தெரியலையே."

"டிக்குக்குப் பக்கத்துல எடம் இருக்குல்ல? அதே பேனாவுல ஒரு வரி எழுது. பொய்யா எழுதச் சொல்றேன்? நடந்ததைத்தானே எழுதப் போறே."

"நடந்துச்சான்னுதாங்க தெரியல."

"அந்த டயலாக்கையே எத்தினி தடவ சொல்லுவே? மையத்தை இழுத்துப் பூட்டிட்டு, அப்புறம் ஒக்காந்து யோசிச்சுப் பாக்கறியா?"

மறுநாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், எழுதிவிட்டாள். முதல் நாள் டிக்குக்கு நேரே, அதே நீலப் பேனாவில்: 'தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, உயரமான நாற்காலி மட்டும், மூன்று மாதம் வரை, என நோயாளிக்கும் மகனுக்கும் தெளிவாக விளக்கப்பட்டது.' எழுதி முடித்ததும் பேனாவை மூடக் கை வரவில்லை. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அது வந்த பாடில்லை.

மயிலாடுதுறையில் வக்கீல் அக்னஸின் அலுவலகம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஐம்பது வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். மேஜைமேல் சின்ன மாதா படம், அதைச் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கேஸ்கட்டு. எடுத்த எடுப்பில் கேள்வியாக அடுக்கினார்.

"பதிவுச் சான்று நடப்புல இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"போர்டுல டாக்டர்னு போட்டிருக்கீங்களா?"

"பெயிண்டர் போட்டுட்டாரு. நான் அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டேன்."

"நல்லவேளை. ஆபரேஷன் பண்ணின டாக்டர் எழுதின பரிந்துரைச் சீட்டு? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு போட்டிருப்பாரே?"

"அவங்க வீட்ல இருக்குங்க. ஜன்னல்ல செருகி வச்சிருப்பாங்க."

"நகல் எடுக்கலை."

"எடுக்கலைங்க."

அக்னஸ் நோட்டை வாங்கிக் கமலாம்பாள் பக்கத்தைப் படித்தார். பிறகு, படிக்க வேண்டாத மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மதிவதனிக்கு நெருப்பு மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"இந்த நோட்டுல எத்தினி பேரும்மா இருக்காங்க?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு பேர் இருப்பாங்க."

"ஒருத்தர் பக்கத்துலயும் நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. கேஸ் போட்ட அம்மாவுக்கு மட்டும் 'தெளிவாக விளக்கப்பட்டது'ன்னு வக்கீல் தமிழ்ல எழுதியிருக்கீங்க. இதை எப்ப எழுதினீங்க?"

"நேத்து."

அக்னஸ் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குறைச்சலா எழுதியிருந்தா கவனக்குறைவுன்னு சொல்லுவாங்க. அதுக்கு வாதாட வழி இருக்கு. பின்னால போயி எழுதினா, அதுக்குப் பேரு வேற. இந்த ஒரு வரியால உங்க பதினாலு டிக்கையும் எவனும் நம்பமாட்டான். நீங்க முறுக்கலேங்கிறதையும் சேர்த்து நம்பமாட்டான்."

"அழிச்சிடவா மேடம்?"

"வெள்ளை மை கிள்ளை மை எதுவும் தடவிடாதீங்க! கிழிக்கவும் கூடாது. எழுதினது கீழ தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்துல, 'இது பின்னர் எழுதியது, நீக்குகிறேன்'னு போட்டு, இன்னைய தேதி, நேரம், முழுக் கையெழுத்து."

அவர் மேஜையிலேயே வைத்துக் கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை. பிறகு அக்னஸ் நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இப்ப நோட்டை விடுங்க. சொன்னீங்களா, இல்லையா?"

"தெரியலைங்க மேடம். சத்தியமா ஞாபகம் இல்லை."

"'ஞாபகம் இல்லை'ன்னு நான் பதில் நோட்டீஸ் அனுப்ப முடியாது. இன்னும் பத்து நாள் இருக்கு, யோசிங்க. எது ஞாபகம் வந்தாலும் தனிப் பக்கத்துல, தாமதமா எழுதறேன்னு சொல்லி, எழுதற அன்னைக்குத் தேதி போட்டு எழுதுங்க. அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. மிரட்ட வந்தாள்னு இன்னொரு கேஸ் ஆகிடும்."

போகக் கூடாது என்று சொன்ன வீடு அன்றிலிருந்து அவளைப் பிடித்து இழுத்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம், மையத்தில் கட்டில் ஓரம், எங்கே இருந்தாலும் அந்த நீலக் கட்டில்தான். வருகிற ஒவ்வொருவரையும், "போன தடவ நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்பம்" என்று மடக்க ஆரம்பித்தாள். இராஜாங்கம் என்ற கொத்தனார், "குனியாதேன்னு சொன்னீங்க" என்றார். அவள் சொன்னது குனியும்போது முழங்காலை மடக்கு என்று. கழுத்து வலிக்கு வந்த டீச்சர், "நெறைய சொன்னீங்க மேடம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். ஒன்பது வருடமாகக் காற்றில்தான் பேசியிருக்கிறோமா என்று அவளுக்கு அழுகை முட்டியது. இதற்கு நடுவில் இன்னொன்றும் குடைந்தது. மையத்தைப் பற்றி இவ்வளவு பதறுகிறோமே, படுத்துக் கிடக்கிற அந்த அம்மாளைப் பற்றி ஒரு நாளாவது பதறினோமா? பதறவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதிலுக்கு நான்கு நாள் மிச்சம் இருக்கையில், காலை பத்து மணிக்கு, நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் ஒரு நோயாளி வீட்டுக்குக் கிளம்பியவள் வண்டியை வடகரைத்தோப்புக்குத் திருப்பிவிட்டாள். யோசித்துத் திருப்பவில்லை. சாலையில் பாதிக்கு நெல்லைக் காய வைத்திருந்தார்கள். மேகம் கட்டியிருந்ததால் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கிடைத்த ஒரு சாண் இடத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். அரசப்பன் இருந்தால் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

அரசப்பன் நெல்லோடு போயிருந்தார். கதவு திறந்திருந்தது. நீலக் கட்டிலில் படுத்திருந்த கமலாம்பாள், நிழல் தட்டியதும் தலையைத் திருப்பினார். பாதியாக வற்றிப்போயிருந்தார்.

"வா கண்ணு. வரமாட்டியோன்னு இருந்தேன்."

மதிவதனி கட்டில் ஓரத்தில் நின்றபடியே, அந்தம்மாளின் பாதத்தைத் தொட்டு, கட்டை விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். பழக்க தோஷம். விரல் அசைந்தது.

"எப்படிம்மா ஆச்சு?"

"குறுவை அறுத்தோம்ல, புது அரிசி பொங்கிக் கொலசாமிக்குப் படைச்சோம். இந்த வீட்ல மூத்தவ மொதக் கவளம் எடுக்காம ஒருத்தரும் எலையைத் தொடமாட்டாங்க. சாமிக்கு முன்னால நாற்காலி போட்டு ஒக்காரச் சொல்றான் என் மவன். நல்லா இருக்குமா அது? எறங்கி சம்மணம் போட்டு ஒக்காந்தேன். எந்திரிக்கறப்ப டப்புன்னுச்சு."

"அம்மா..." மதிவதனி கட்டில் பக்கம் குனிந்தாள். "தரையில உக்காரக் கூடாதுன்னு நான் ஒங்ககிட்ட சொன்னேனா?"

"சொல்லாம? மொத நாளே சொன்னியே. இதைத்தான் நானும் என் மவன்கிட்ட சொல்றேன், கேக்கமாட்டேங்கறான். வக்கீலு எழுதச் சொன்னாருன்னு எழுதிட்டான். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லடான்னேன். அவ சொன்னபடிதான்டா நான் நடந்தேன்னேன்."

சொன்னேன்! இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. மதிவதனி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா, அவளுக்கே சொல்லத் தெரியாது. பிறகுதான் கடைசி வார்த்தை அவளுக்கு எட்டியது.

"நான் சொன்னபடியா?"

"ஆமா. நான் அன்னைக்கு அழுதேன்ல, எத்தினி நாளைக்குடி இப்படி நட்டு வச்சாப்ல நாற்காலியிலயே ஒக்காந்திருப்பேன்னு? நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'ரெண்டே வாரம் பல்லைக் கடிச்சுக்கங்கம்மா'ன்னே. நாளை எண்ணிக்கிட்டே இருந்தேன். நீ வந்துட்டுப் போவப் போவ காலண்டர்ல கோடு போட்டேன். பதினாலு முடிஞ்சு மறுநாதான் படையலு. ஒரு நா முன்னால ஒக்காரல கண்ணு, சாமி சத்தியமா."

இப்போது ஞாபகம் வந்தது. குரல், கை, அந்தம்மாளின் ஈரக் கன்னம், எல்லாம் வந்தது. மூன்று மாதம் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் வயதானவர்கள் மனம் ஒடிந்துபோவார்கள். அதனால் எல்லோரிடமும் இரண்டு வாரம் என்றுதான் சொல்வாள். அது முடிந்ததும் இன்னும் இரண்டு வாரம் என்பாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று மூன்று மாதத்தையும் ஓட்டிவிடுவாள். பதினான்காம் நாள் இங்கே அடுத்த தவணையைச் சொல்லவில்லை. வீட்டில் படையலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கும் நேரமாகியிருந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு டிக் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கமலாம்பாள் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "ஏன் கண்ணு, நான் ஏதும் மாத்திச் சொல்லிட்டனா?"

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொல்றீங்க. தப்பு என் மேலதான். மூணு மாசம்னு சொல்லியிருக்கணும்."

கமலாம்பாள் கூரையைப் பார்த்தபடி, "மூணு மாசமா?" என்றார். "சொல்லியிருந்தா இருந்திருப்பனே."

வெளியே வந்தவள் வண்டியை எடுக்கவில்லை. இருக்கையின் மேலேயே நோட்டை விரித்து, புதுப் பக்கத்தில் எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் தூற்றல் விழுந்தது. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்னஸைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஞாபகம் வந்திடுச்சு. சொன்னேன். ரெண்டு வாரம்னு சொன்னேன்."

"எவ்வளவு நாள்னு சொல்லியிருக்கணும்?"

"மூணு மாசம்."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.  

"எழுதிட்டீங்களா?" என்றார் அக்னஸ்.

"எழுதிட்டேங்க."

"என்ன தேதி போட்டீங்க?"

"இன்னைய தேதிதாங்க மேடம்."